இரண்டு நாள் பிந்தி வரும் வாய்க்கால் தண்ணீர்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மூட்டுவலி தேவலையா? நித்யஸ்ரீக்குச் சளி விட்டதா? நான் நலம்.

திங்கட்கிழமை வரவேண்டிய வாய்க்கால் தண்ணீர் புதன்கிழமைதான் வரும். அணை நீரில் பச்சைப்பாசி படர்ந்திருந்தது. எங்கள் ஆய்வகத்தில் மறுபரிசோதனை முடியும்வரை மதகைத் திறக்க வேண்டாமென்று நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

"ஏனுங்க அம்மணி, கடைமடைக்காரங்க மக்காச்சோளம் காயுதுன்னு போன்ல கத்தறாங்களே!" என்றார் பொறியாளர்.

"அதுல ஒருத்தர் எங்கப்பாதானுங்க" என்றேன்.

இன்று வந்த முடிவில் பயப்பட ஒன்றுமில்லை. இருந்தாலும், தேங்காய் உடைத்துக் கும்பிட்டதும் வழக்கம்போலக் குழந்தையை முதல் தண்ணீரில் இறக்கிவிடாதீர்கள். காய்ந்த வாய்க்காலின் குப்பையெல்லாம் அதில்தான் வரும்.

அவளுடைய செருப்பு அளவை எழுதுங்கள். இங்கே கடையில் கேட்டபோது பெற்ற எனக்கே சொல்லத் தெரியவில்லை.

தண்ணீரை நிறுத்தியது யாரென்று அப்பாவிடம் இப்போது சொல்ல வேண்டாம். மக்காச்சோளக் காடு நனைந்தபின் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் ஜீப் வந்துவிட்டது.

உங்கள்
பிரவீனா