சவுக்குத் தோப்பு மேடு

நவம்பர் 4
இன்று கூட்டத்தில் எங்கள் பிரிவுத் தலைவர் பார்த்தசாரதி சார் என் மானத்தை வாங்கிவிட்டார். புயலில் கடல் பொங்கினால் தண்ணீர் எதுவரை வரும் என்று கணினியில் கணக்குப் போடுவதுதான் எங்கள் வேலை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே தோப்புக் குப்பம். செயற்கைக்கோள் அங்கே சவுக்கு மர உச்சியைத் தரை என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. வரைபடத்தில் மேடு, நிஜத்தில் பள்ளம் என்றேன்.

"கூடுவாஞ்சேரி ரயில்ல தொங்கிட்டு வர்றவங்க சாட்டிலைட்டுக்கே பாடம் எடுக்கறாங்கப்பா!"

தினமும் அந்த ரயிலில் வருபவள் நான்தான். எல்லோரும் சிரித்தார்கள். சிரிங்க. நல்லா சிரிங்க.

நவம்பர் 6
அந்த வேலையிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார். அந்த வரைபடத்தின்படி, புயல் வந்தால் குப்பத்து ஜனங்கள் ஒதுங்க வேண்டிய இடம் — தோப்புக்குள் இருக்கும் பள்ளிக்கூடமாம்! அதிகாரிகளுக்கு எழுதினேன். பதில் இல்லை.

நவம்பர் 15
திருப்போரூர் முருகா, ஒரு புயல் அனுப்பு. அந்த ஆள் மூஞ்சியில் உப்புத் தண்ணி அடிக்கட்டும்.

நவம்பர் 26
வங்கக் கடலில் புயல் சின்னம். மனசு துள்ளியது. அப்புறம்தான் குப்பத்து வேண்டாக்கா நினைவு வந்தது. அளவெடுக்கப் போன நாளில் மீன் குழம்பும் சோறும் போட்ட மகராசி. ஐயோ, நான் கேட்டது அவளுக்கா?

போன் போட்டேன். பள்ளிக்கூடம் வேண்டாம், ரோட்டுக்கு மேற்கே கல்யாண மண்டபத்துக்குப் போங்க என்றேன்.

"மழைக்கே பள்ளிக்கூடத்துல முட்டிக்காலு தண்ணி நிக்கும்மா. ஆபீசருங்க சொல்றாங்களேன்னு வாய மூடிக்கினு கீறோம். நீ சொல்லிட்ட இல்ல, பாத்துக்கறேன்."

நவம்பர் 28
குப்பமே மண்டபத்துக்குப் போய்விட்டது. சாருக்கு ரோஷம். வேளச்சேரிக்காரர்கள் வெள்ளத்துக்குப் பயந்து மேம்பாலத்தில் காரை நிறுத்துவதுபோல, தன் புதுக் காரைக் கொண்டுபோய்த் தோப்பில் விட்டுவிட்டு வந்தார். "என் காரையே விட்டிருக்கேன். இதுக்கு மேல என்ன நம்பிக்கை வேணும்?"

என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன்.

"ஆமா சார், உங்க மேப்புல அது மேடுதான்."

நவம்பர் 30
புயல் கரை கடந்துவிட்டது. மண்டபத்தில் எல்லோரும் பத்திரம். பள்ளிக்கூடத்தில் ஜன்னல்வரை தண்ணீர். காரின் கூரை மட்டும் தெரியும் படத்தை வேண்டாக்கா அனுப்பியிருக்கிறாள்: 'இது யார்து கண்ணு?'

சார் போனில் கத்தினார். "உனக்குத் தெரியும்ல? ஏன் சொல்லல?"

"சொன்னேனே சார். எல்லார் முன்னாடியும். சிரிச்சீங்க."

டிசம்பர் 5
தோப்புக் குப்பம் என் மேசைக்கே திரும்பி வந்திருக்கிறது. மர உயரத்தைக் கழித்துக்கொண்டிருக்கிறேன். கணினி முகப்பில் அந்தக் கார்ப் படம். எடுக்க மாட்டேன்.