ஓலை வாசிக்கையில் எழுந்து நின்றவள்

பாளையங்கோட்டை,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்பு மகன் ஜோஷுவாவுக்கு,

கர்த்தர் உன்னைச் சுகத்தோடு வைத்திருக்கும்படி ஜெபித்து அம்மா எழுதுகிறேன். என் சுகத்தை நீ விசாரிக்கவில்லை. விசாரித்ததாகவே வைத்துக்கொண்டு சொல்கிறேன்: மூக்கடைப்பும் லேசான இருமலும் தவிர எனக்கு ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை மழையில் நனைந்ததால் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பதினாறு நாளாய் நீ போனை எடுக்கவில்லை. குடும்ப வாட்ஸப் குழுவிலிருந்தும் விலகிவிட்டாய். போன் அடித்தால் அமர்த்திவிடலாம், தபால்காரர் கையில் கொண்டுவந்து கொடுப்பதை என்ன செய்வாய்? கிழித்துப் போடுவதாய் இருந்தாலும் ஒரு தடவை வாசித்துவிட்டுக் கிழி. அதற்காகவே ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறேன்.

அந்த வீடியோ உனக்கும் வந்திருக்கும். மாமா மகன் ஹெப்ரான்தான் அனுப்பியிருக்கிறான். நேற்று வந்து, "அத்த, நான் சும்மா வெளாட்டுக்குல்லா அனுப்புனேன்" என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். விட்டேன் ஒரு டோஸ். இப்போது எல்லாச் சபையிலும் ஆராதனையை நேரலையாகப் போடுகிறார்கள், யாரோ அதிலிருந்து வெட்டியிருக்கிறார்கள். சேரன்மகாதேவிக் கோயில். குருவானவர் கல்யாண ஓலை வாசிக்கிறார். தேவதாசன் பெயரும் என் பெயரும் வருகிறது. இந்த விவாகத்துக்குத் தடை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லலாம் என்கிறார். உடனே பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் ஈரச் சேலையோடு ஒருத்தி எழுந்து நிற்கிறாள். அதோடு வீடியோ முடிந்துவிடுகிறது.

அந்த ஒருத்தி நான்தான். என் கல்யாணத்துக்கு நானே தடை சொல்லிவிட்டேன் என்று பெருமாள்புரம் வரைக்கும் பேச்சு. நீயும் அப்படி நினைத்து, ஒருவேளை சந்தோஷப்பட்டிருப்பாய். அவசரப்படாதே, நடந்ததை நான் சொல்கிறேன்.

ஓலை வாசிக்கிற அன்றைக்குக் கல்யாணப் பெண் கோயிலுக்குப் போகிற வழக்கம் நம் குடும்பத்தில் கிடையாது. உன் அப்பாவுக்கும் எனக்கும் வாசித்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. வீட்டில் உட்கார்ந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தேன், வெட்கப்படக்கூட நேரமில்லாமல் வேலை இருந்தது. நாற்பத்தொன்பது வயதில் அப்படி உட்கார முடியவில்லை. சேரன்மகாதேவியில் அவர் சபையில் வாசிக்கிற அதே ஞாயிறு நம் கோயிலிலும் வாசிப்பார்கள், நம் சமையலறையில் நின்றால் கோயில் மைக் தெளிவாகக் கேட்கும் என்பது உனக்குத் தெரியும். "கைம்பெண் ஜெசி ரூபாவதி" என்று நம் குருவானவர் வாசிப்பதையும், எதிர்வீட்டில் குக்கர் விசில் அடங்குவதையும் கேட்டுக்கொண்டு நிற்க எனக்குத் தைரியமில்லை. முக்கூடலில் என்னோடு டைப் படித்த கிரேஸி இருக்கிறாளே, அவள் வீட்டுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வரலாம் என்று ஏழே முக்காலுக்கே கிளம்பிவிட்டேன்.

ஜங்ஷனில் போய் ஏறினேன். ஜன்னலோர இடம் கிடைத்தது. மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. உன் எண்ணுக்கு இரண்டு தடவை அடித்தேன். பேட்டை தாண்டியதும் கண்டக்டர் செந்தில்முருகன், "என்னக்கா, ஞாயித்துக்கெழமயும் ஆபீஸா?" என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது. ஆறு வருஷமாகத் தாலுகா ஆபீசுக்குப் போய்ப் பழகிய கால், வழக்கமான சேரன்மகாதேவி வண்டியில் என்னைக் கொண்டுபோய் ஏற்றியிருக்கிறது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசமானதிலிருந்து அவரும் எங்கே என்று என்னைக் கேட்பதில்லை, முகத்தைப் பார்த்ததும் கிழித்துக் கொடுத்துவிடுவார். உலகத்தில் எந்த ஊருக்கு அன்றைக்குப் போகக் கூடாதோ, அந்த ஊருக்கே டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இறங்கிவிடப் போனேன். "எதுக்குக்கா எறங்குதிய? பேசாம சேர்மாதேவிக்கே வாங்க. அங்கன முக்கூடல் வண்டி நிக்கும், பாலத்தத் தாண்டுனா ஊரு" என்றார். அவர் சொன்னது சரியாகத்தான் பட்டது. ஆனால் சேரன்மகாதேவியில் இறங்கும்போது குடையைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன். வண்டி திரும்பிப் போன பிறகு மழை பிடித்தது. ஒதுங்க ஓடியபோது செருப்பு வார் அறுந்தது. ஞாயிற்றுக்கிழமை, தைக்கிறவர் இல்லை. முக்கூடல் பஸ் எப்போது என்று டீக்கடையில் கேட்டால், "மழைல பைய பைய வரும்" என்றார்கள். நீ பக்கத்தில் இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

டீக்கடைக் கூரையும் ஒழுகியது. பத்தடியில் கோயில். எனக்குத் தெரியாதா, அவருடைய கோயில் அதுதான். ஆனால் நான் ஒரு கணக்குப் போட்டேன். நம் கோயிலில் அறிவிப்பு, ஓலை எல்லாம் பிரசங்கத்துக்கு முன்பே முடிந்துவிடும். அப்போது மணி பத்தேகால், உள்ளே பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்படியானால் வாசித்து முடித்திருப்பார்கள், வாசலில் ஒதுங்கி நிற்கலாம் என்று போனேன். அவரும் உள்ளே இருக்கமாட்டார். ஓலைக்கு வெட்கப்பட்டு, மலையில் மழை, கால்வாயில் தண்ணீர் ஏறுகிறது என்று சாக்குச் சொல்லி வேலைக்குப் போய்விடுவதாக என்னிடம் முந்தின நாளே சொல்லியிருந்தார்.

வாசலில் நிற்க விட்டால்தானே? பாக்கியவதி என்று ஒரு அம்மா, பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவியாம், என்னைப் பார்த்துவிட்டாள். "ஏம்மா அங்கன நின்னு நனையுத? உள்ள வா. கோயிலுக்கு வந்துட்டு வாசல்ல நிக்கவா?" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மூன்றாவது வரிசையில் நடுவில் திணித்துவிட்டாள். ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிரசங்கம் முடிந்தது. ஒரு பாட்டு. பிறகு குருவானவர் ஒரு காகிதத்தை எடுத்து, "விவாக அறிவிப்பு" என்றார். அந்த ஊரில் பிரசங்கத்துக்குப் பிறகுதான் ஓலையாம்.

தேவதாசன் பெயர், அவருடைய தகப்பனார் பெயர், மனைவியை இழந்தவர். என் பெயர், உன் தாத்தா பெயர், கைம்பெண். இது முதலாம் ஓலை. பக்கத்தில் யாரோ, "பாளையங்கோட்டப் பொண்ணாம்" என்று குசுகுசுத்தார்கள். வெளியே ஹாரன் கேட்டது, முக்கூடல் வண்டி. குருவானவர் தடை உண்டா என்று கேட்டு முடிக்கவும் நான் எழுந்து நிற்கவும் சரியாக இருந்தது.

இனி வீடியோவில் இல்லாதது. குருவானவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அம்மா, நீங்க எதுவும் சொல்லணுமா?" என்று கேட்டார். ஊரில் எல்லோரிடமும் பஸ்ஸுக்காக எழுந்தேன் என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். ஆமாம், ஒரு தடை இருக்கிறது, என் மகனுக்கு மனமில்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஒரே ஒரு வாக்கியம். சொல்லிவிட்டு அந்தப் பஸ்ஸில் ஏறிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். சாயங்காலம் நீ கூப்பிடுவாய், சாப்பிட்டீங்களா என்று கேட்பாய். அதற்காக நான் எதையும் விட்டுவிடுவேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்றைக்கு இல்லாவிட்டாலும் பத்து வருஷம் கழித்து உன்னைப் பார்க்கும்போதெல்லாம், இவனால்தானே என்று எனக்குத் தோன்றும். உள்ளுக்குள் உன்னைக் குற்றம் பிடித்துக்கொண்டு வெளியே உனக்குச் சோறு பரிமாறுகிற அம்மாவாக என்னால் இருக்க முடியாது. இன்னொன்றும் இருக்கிறது. எனக்கு அவரோடு வாழ ஆசையாக இருக்கிறது, ஜோஷுவா. மகனுக்கு எழுதுகிற வாக்கியம் இல்லைதான். எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்கப் போவதில்லை.

"தட ஒண்ணும் இல்லங்கய்யா, முக்கூடல் பஸ் வந்துட்டு" என்றேன். அவருக்கு விளங்கவில்லை, எந்தச் சபை, பேர் என்ன என்றார். "இப்ப நீங்க வாசிச்ச பேரு எம்பேருதான்" என்றேன். ஒரு நொடி எல்லோரும் முழித்தார்கள். பிறகு கோயில் முழுக்கச் சிரிப்பு, குருவானவரும் சிரித்துவிட்டார். பாக்கியவதியம்மா, "அட, நம்ம தேவதாசனுக்கு வாரவளா நீ! இரு, எங்க போற?" என்று தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைத்தாள். பஸ் போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன்.

ஆராதனை முடிந்ததும் அந்த அம்மாவே போன் போட்டு அவரை வரவழைத்துவிட்டாள். முழங்கால் வரை சேறு, தலையில் துண்டு. அவரை நீயும் பார்த்திருக்கிறாய். போன கிறிஸ்துமஸ் லீவில் ஆபீசுக்கு வந்தபோது உன் வண்டியை நிழலில் நிறுத்த இடம் காட்டினாரே, கன்னடியன் கால்வாயில் மடை திறந்து மூடுகிற லஸ்கர், அவர்தான். மனைவி இறந்து வாரிசுச் சான்றிதழுக்கு நாலு மாதம் அலைந்தவர். அந்த நாலு மாதத்தில் ஒருநாள்கூட எங்கள் ஆபீசில் சத்தம் போடாதவர். மொபெட்டில் ஏறச் சொன்னார். மூன்று ஓலையும் முடியாமல் ஏறமாட்டேன் என்றேன். சரி என்று வண்டியைத் தள்ளிக்கொண்டே மழையில் என்னோடு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தார். என் அறுந்த செருப்பு அவர் வண்டிக் கூடையில்.

வழியில், கல்யாணத்தை நிறுத்திவிடலாமா என்று அவரிடம் கேட்டேன். "தம்பி சரின்னு சொல்லுத வரைக்கும் நிறுத்தி வைக்கணும்னா வைப்போம். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. ஆனா தம்பிக்குக் கோவம் எதுலன்னு கேட்டியளா?" என்றார். நான் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டு நாளாய் யோசித்துப் பார்த்தேன். உன்னிடம் முதலில் சொல்லாமல் உன் அத்தையிடம் சொன்னேன், அவள் மூலம் உனக்கு வந்தது. அது என் தப்பு. உன்னிடம் சொல்ல எனக்குப் பயம். உன் அப்பாவின் உடம்பை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று பதினெட்டு வயதுப் பையன் நீ எல்லாக் கையெழுத்தும் போட்டாய், என்னை ஒன்றும் செய்ய விடவில்லை. அப்படிப்பட்ட பிள்ளையிடம் கடைசியாய்ச் சொன்னேன். மன்னித்துவிடு. ஆனால் நீ "உங்க இஷ்டம்" என்று இரண்டே வார்த்தையில் போனை வைத்ததும் சரியில்லை. கோபம் இருந்தால் திட்டியிருக்கலாம். திட்டினால் நானும் திட்டியிருப்பேன், இரண்டு பேரும் அன்றைக்கே சமாதானமாகியிருப்போம்.

வீட்டைப் பற்றிக் கவலைப்படாதே, பூட்டப் போவதில்லை. அவர்தான் இங்கே வருகிறார், காலையில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போவோம். உன் அறையில் உன் கட்டிலைக்கூட நகர்த்தவில்லை. மாடியில் ஒழுகுகிற இடத்துக்கு ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். உன் வண்டி இன்ஷூரன்ஸ் இந்த மாதம் முடிகிறது, அதற்காகவாவது ஒரு மெசேஜ் போடு. ஜாம்நகரில் தண்ணீர் உப்பு என்றாயே, கொதிக்க வைத்துக் குடிக்கிறாயா?

இரண்டாம் ஓலை வருகிற ஞாயிறு, மூன்றாம் ஓலை அதற்கு அடுத்தது. கல்யாணம் அதற்குப் பிறகு வருகிற வியாழக்கிழமை பத்தரை மணிக்கு நம் கோயிலில். ஜாம்நகரிலிருந்து நேராக நம் ஊருக்கே ரயில் இருக்கிறது, மாறி ஏற வேண்டியதில்லை. உனக்கு உண்மையிலேயே தடை இருந்தால் அதையும் வந்து என் முகத்துக்கு நேரே சொல். நான் உட்கார்ந்து கேட்பேன், எழுந்து ஓடமாட்டேன்.

கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் பெண்ணைக் கைபிடித்து அழைத்துப் போக ஒரு ஆள் வேண்டும். முதல் தடவை உன் தாத்தா இருந்தார். இந்தத் தடவை நான் வருகிறேன் என்று மாமா சொன்னார், வேண்டாம் என்றுவிட்டேன். அப்படியானால் யார் என்று நம் குருவானவர் கேட்டார். என் மகன் வருவான் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்த இன்னொரு காரியம் இது. நீ வராவிட்டால் வேறு யார் கையையும் பிடிக்கமாட்டேன், நீ நடக்க வேண்டிய பக்கத்தைக் காலியாக விட்டுவிட்டு ஓரமாய் நடந்து போவேன்.

எங்கே இருந்தாலும் கர்த்தர் உன்னோடு இருக்கட்டும், ஐயா. அந்த வியாழக்கிழமை பத்தரை மணிக்கு மட்டும் நீ என்னோடு இரு.

உன் அம்மா,
ஜெசி