காருக்கு மட்டும் அளவில்லை

என் கூடப்பிறந்த ராசாவே, மாது,

உன் காரை நேற்று எடைக்குப் போட்டுவிட்டோம். அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலை ஓரமாகப் பழைய இரும்பு எடுக்கிறாரே, அவர் வந்து கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார். வாசலைத் தாண்டும்போது பின்கதவு தானாகத் திறந்துகொண்டது. யாரும் ஓடிப்போய்ச் சாத்தவில்லை.

நல்ல சேதி ஒன்றைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கலாம் என்று யோசித்தேன், கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் விடைத்தாளைத் திருப்பித் தரும்போது, தோற்றுப்போன பையனிடம் மதிப்பெண்ணை முதலில் சொல்லிவிடுவேன். காரணத்தைப் பிறகு பக்கத்தில் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொல்வேன். உனக்கும் அப்படியே செய்கிறேன். மல்லிகா போய்விட்டாள், மாது. உன் பெண்டாட்டி. நீ போன கையோடு வந்த இந்தக் கோடையிலேயே.

இனி காரணம். இதை உன் படத்துக்கு முன்னால் நின்று முணுமுணுத்துவிட்டும் போயிருக்கலாம். நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். உன்னைப் போலக் காரை வளர்க்கிறவர்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள்.

நீ வாங்கும்போதே அது இரண்டு கை மாறிய சின்னக் கார். வத்தல்மலை அடிவாரத்தில் நம் தெருவுக்கு அதுதான் முதல் கார். காலையில் சாவியைத் திருப்பினால் கிழவன் மாதிரி இருமும். மேட்டில் ஏறச் சொன்னால் நாலு பிளக்கில் ஒன்று வேலைநிறுத்தம் செய்யும். சூட்டைக் காட்டும் முள் எப்போதும் பாதியிலேயே நிற்கும். "அது அங்கதான் நிக்கும்க்கா, நம்மள பயமுறுத்தாத முள்ளு" என்று சிரிப்பாய். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவனும் நீதான். பின்னால் நீலமாகப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, வெள்ளையாக விடாமல் வந்தால் தண்ணீர் எரிகிறது என்று பாடம் சொன்னாய். உன் காரில் இரண்டும் வந்தன. கேட்டால், "குடிக்கிறவன்தான்க்கா நல்லா உழைப்பான்" என்றாய்.

ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்ததும் நீ செய்த வைத்தியம் ஊருக்கே தெரியும். நம் காட்டில் விளைந்த மஞ்சளை அரைத்து இரண்டு கரண்டி உள்ளே போட்டாய். ஒழுகல் நின்றுவிட்டது. கல்யாண வீட்டுப் பந்தியில் இலைக்கு இலை அதைச் சொன்னாய். "புண்ணுக்கு மஞ்சள் வைக்கிறோமில்ல? அதே கதைதான்." அடுத்த ஒழுகலுக்கு இன்னும் இரண்டு கரண்டி. அதற்கடுத்து ஒரு கைப்பிடி.

ஓர் உதாரணம் சொல்லட்டுமா? கிழிந்த சாக்கில் தவிட்டைக் கொட்டினால் ஓட்டை அடைபடும். ஆனால் எது ஓட்டை, எது வழி என்று தவிட்டுக்குத் தெரியுமா? ரேடியேட்டருக்குள் தண்ணீர் ஓடுகிற குழாய்கள் வைக்கோலை விட மெல்லியவை. நம் போர்வெல் உப்புத் தண்ணீரைக் காய்ச்சுகிற பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஏடு கட்டுமே, அது ஏற்கெனவே அந்தக் குழாய்களுக்குள்ளும் கட்டியிருந்தது. அதன்மேல் நீ மஞ்சளைப் பூசினாய்.

அப்போதுதான் மல்லிகாவுக்குக் கால் வீங்கியது. விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. நான் அன்றைக்கு உன் வீட்டில்தான் இருந்தேன்.

"பஸ்ஸுல போயி ஒரு எட்டு காட்டிகிட்டு வந்தர்றேங்க" என்றாள்.

நீ போனெட்டுக்குள் இருந்த தலையைத் தூக்கவில்லை. "வூட்ல காரை நிறுத்தி வச்சிகிட்டுப் பொண்டாட்டிய பஸ்ஸுல அனுப்புறதா? பாக்கறவன் என்னா நெனைப்பான்? இது சரியாவட்டும், ராணியாட்டம் கூட்டிகிட்டுப் போறேன்."

முதலில் ரேடியேட்டர். அப்புறம் வாட்டர் பம்ப். அதை மாற்றியதும் ஃபேன் ஓடவில்லை. ஃபேன் ஓடியதும் தீர்த்தமலைக்கு ஒரு நடை போய்வந்து சோதித்துப் பார்த்தாய், திரும்பும்போது அரூர் சாலையில் நின்றுவிட்டது. ஆவணியில் கேட்டவளை நீ ராணியாட்டம் கூட்டிப் போனபோது தை பிறந்திருந்தது. சர்க்கரை இரண்டு சிறுநீரகத்தையும் தின்று முடித்திருந்தது. முன்னாலேயே போயிருந்தால் காப்பாற்றியிருக்கலாமா? மருத்துவரிடம் நான் கேட்கவில்லை. நீ கேட்டாயா? எனக்குச் சொல்லவே இல்லையே.

வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ் என்று ஆனது. ஒரு நாளுக்குக் குடிக்கிற தண்ணீர் அரை லிட்டர், அதற்கு மேல் கூடாது என்றார்கள். நீ பாட்டிலில் கோடு போட்டுக் கொடுத்தாய். அவள் மோர் குடித்தால் அதையும் கழித்தாய். "கோட்டைத் தாண்டாத, செத்துருவே" என்று பேரப்பிள்ளைகள் முன்னால் சத்தம் போட்டாய். அன்பில்தான் போட்டாய், தெரியும். போட்டுவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் காருக்கு ஊற்றினாய்.

அந்த மாசியிலேயே, மஞ்சள் வேகவைத்த கொப்பரைக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். அதற்குப் பிறகு நான் ஓட்டினேன். பஸ் படி ஏற மல்லிகாவால் முடியவில்லை. ஷேர் ஆட்டோவில் ஒருமுறை வாந்தி எடுத்தாள். அடுத்த முறை எங்களைக் கண்டதும் வண்டி வேகமெடுத்தது. ஓசூரில் வேலையிலிருக்கும் உன் மகன் பிரபு மாதம் ஒருமுறை வருவான், டயரை உதைத்துப் பார்ப்பான், போவான்.

போகவர அவள் பேசுவதைக் கேட்டிருக்க வேண்டும் நீ. உன் எதிரில் வாய் திறக்காதவள். "உங்க தம்பி என்னைய இந்தக் காருக்கு ரெண்டாந்தாரமாத்தான் அண்ணி வச்சிருந்தாரு. மூத்தவளுக்குத்தான் தெனம் எண்ணெ தேச்சுக் குளியல்." நான் சிரித்தால் முறைப்பாள். "சிரிக்காதீங்க. சக்களத்தி காதுல வுழுந்தா நடுரோட்டுல நின்னுக்குவா."

நின்றாள்தான். இந்தச் சித்திரையில் போனெட்டிலிருந்து ஆவி அடித்தது. மெக்கானிக் கிட்டு வந்து, சூடு ஆறக் காத்திருந்து, ரேடியேட்டரின் அடிக்குழாயைக் கழற்றினார். வந்தது தண்ணீர் இல்லை, மாது. மஞ்சள் சேறு, கட்டி கட்டியாக.

"டீச்சரம்மா, இது ரேடியேட்டரா, சாம்பார் குண்டானா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். "தாளிச்சுக் கொட்ட வேண்டியதுதான் பாக்கி!"

ஆயில் மூடியைத் திறந்து காட்டினார். பால் ஊற்றிய காப்பி மாதிரி இருந்தது. இன்ஜினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் ஹெட் கேஸ்கட் என்று ஒரு தகடு இருக்கிறது. ஆயிலும் தண்ணீரும் ஒன்றை ஒன்று பார்க்காமல் தடுப்பது அதுதான். சூட்டில் அது வெந்துபோயிருந்தது. தலையைக் கழற்றினால் ஒரு வாரம் ஆகும், மறுநாள் டயாலிசிஸ் என்றேன்.

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. கேன்ல தண்ணி எடுத்துக்குங்க. நிறுத்தி நிறுத்தி ஊத்திகிட்டே போங்க. ஹீட்டரைப் போட்டுவுடுங்க, இன்ஜின் சூடு கொஞ்சம் உள்ள எறங்கிரும்."

"யாருக்கு உள்ள?" என்று கேட்டாள் மல்லிகா.

"வண்டிக்குள்ளதாங்க்கா."

"ஓ. இன்ஜினுக்குக் காய்ச்சலு, எனக்கு ஒத்தடமா?"

அப்படித்தான் போனோம். வெளியே அக்னி நட்சத்திரம். உள்ளே ஹீட்டர். நேராக அவள் வீங்கிய பாதத்தின்மேல் அனல் அடித்தது. கேன்கள் அவள் காலடியில் நின்றன. ஒவ்வொரு வளைவிலும் தளும்பின. ஆவி வந்தால் ஓரம்கட்டுவேன். சூட்டோடு ஊற்றக் கூடாது. எரிகிற லாந்தர் கண்ணாடியில் ஒரு சொட்டு பட்டாலே விரிசல் விடுமில்லையா, அந்த மாதிரி இன்ஜின் பிளந்துவிடும். அதனால் ஆறும்வரை கேனை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள். பிறகு நான் வாங்கி ஊற்றுவேன். குளு குளுவென்று இறங்கும். அவள் கழுத்தை நீட்டி அந்தச் சத்தத்தைக் கேட்பாள்.

"இதுக்கு மட்டும் அளவே இல்லீங்களா அண்ணி?"

காலிக் கேனை மூடி அவள் காலடியில் வைத்தேன். நீயாவது அவளுக்குப் பதில் சொல், மாது.

வகுப்பில் உதாரணம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், ஒருநாள் அவளிடமும் ஆரம்பித்தேன். சிறுநீரகமும் ரேடியேட்டர் மாதிரிதான் மல்லிகா, மெல்லிய குழாய்கள், அடைத்துக்கொண்டால் என்று. அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். "வேண்டாம் அண்ணி. செத்தாலும் நான் மனுசியா சாவுறேன்." அதோடு நிறுத்திக்கொண்டேன்.

வைகாசியில் கிட்டு தலையைக் கழற்ற ஒப்புக்கொண்ட வாரம் முழுக்க முகூர்த்தம். வாடகைக் கார் எல்லாம் கல்யாணத்துக்குப் போய்விட்டன. "இன்னும் ஒரே நடை, தாங்கும்" என்றார் கிட்டு. மாந்தோப்புகளுக்கு நடுவே வீடு வாசல் இல்லாத இடத்தில் வெள்ளைப் புகை சாலையை மறைத்தது. கீழே ஏதோ சுத்தியல் வைத்து அடிக்கிற மாதிரி சத்தம். பிறகு சத்தமே இல்லை. சாவியைத் திருப்பினேன், ஓர் அசைவுகூட இல்லை. உள்ளே உருக்கு உருக்கோடு ஒட்டிக்கொண்டது. உன் இன்ஜின் அங்கே செத்தது, மாது.

போனில் சிக்னல் கோடு ஒன்றுகூட விழவில்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் டீக்கடை உண்டு, வண்டி ஏதாவது பிடித்து வருகிறேன் என்று இறங்கினேன். கதவுகளைத் திறந்துவிட்டு, அவள் தலையில் ஈரத்துண்டைப் போட்டேன். "போயிட்டு வாங்க அண்ணி, நான் எங்கயும் ஓடிர மாட்டேன்" என்றாள்.

தக்காளி ஏற்றிய குட்டி லாரியோடு திரும்பினேன். கேன் இரண்டும் சாலையில் உருண்டு கிடந்தன. காலி. அவள் முந்தானை, ரவிக்கை எல்லாம் நனைந்திருந்தது. அந்த முகத்தை நான் அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. அப்படி ஒரு குளிர்ச்சி.

"எங்க மல்லிகா தண்ணி?"

"அதான் வண்டி செத்துப்போச்சே. யாருக்கு மிச்சம் வைக்கிறது?"

லாரிக்காரர் பெட்டிகளை ஒதுக்கினார். "ஏறுங்கம்மா, நசுங்குனா நசுங்கட்டும்." தக்காளிப் பெட்டிமேல் உட்கார்ந்துதான் அவள் தருமபுரிக்குள் நுழைந்தாள். பாதி வழியிலேயே மூச்சு கொரகொரக்க ஆரம்பித்தது. நீருக்குள் மூழ்கியவர் இழுப்பது போல. குடித்ததெல்லாம் போக வழியில்லாமல் நுரையீரலுக்கு ஏறிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார்கள். முகமூடியை விலக்கி அவள் என்னிடம் சொன்னது ஒன்றுதான்.

"உப்புத் தண்ணிதான் அண்ணி. ஆனா நெறைய இருந்துச்சு."

சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது.

தாகத்தில் அறியாமல் குடித்தாளா, அறிந்தே குடித்தாளா? பிரபு என்னிடம் கேட்டது வேறு. "அத்தை, கேனை ஏன் வண்டியிலயே வுட்டுட்டுப் போனீங்க?" காருக்கு என்றுதான் எடுத்துப்போனோம், காரில்தான் இருந்தது என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். உன் மூக்கு அவனுக்கு. கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

நீ கெட்டவன் இல்லை. யாருக்கும் ஒரு குறை வைத்தவன் இல்லை. ஒழுகுகிற எதையும் அடைத்துவிட்டால் சரியாகிவிட்டது என்று நம்பினாய், அவ்வளவுதான். உன்னைப் பற்றி யார் தப்பாகப் பேசினாலும் இப்போதும் எனக்குப் பொறுக்காது. அதனால்தான் நானே பேசிவிட்டேன்.

ஆடி அமாவாசைக்கு உங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே இலையில் படைத்துவிடலாம் என்கிறான் பிரபு. நான் ஒப்பவில்லை. இரண்டு இலை போடுவேன். உன் இலையில் நாட்டுக்கோழிக் குழம்பு, களி, நீ கேட்கிற வெற்றிலை எல்லாம் இருக்கும். தண்ணீர் மட்டும் இருக்காது. குடத்தை அவள் இலைக்கு முன்னால் வைப்பேன், வாய்வரை நிரப்பி. உயிரோடு இருக்கும்வரை ஒவ்வொரு வருடமும் அப்படியே வைப்பேன், இது சத்தியம். விக்கினால் அவளிடம் கேட்டு வாங்கிக் குடி. தருவாளா என்பதை நான் சொல்ல முடியாது.

உன்னை இடுப்பில் சுமந்து வளர்த்த அக்கா,
அலமேலு