ஈரமாக வந்த இடது சாக்ஸ்

அன்புள்ள அக்காவுக்கு,

சலவை அறைப் பெண் எழுதுவது. நலமாக இருக்கிறீர்களா என்று கேட்க எனக்கு முகமில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

நான் முதலில் கவனித்தது உங்கள் இடது கால் சாக்ஸைத்தான். பயிற்சி முடிந்ததும் எல்லாருடைய சாக்ஸும் சேறும் புல்லுமாக மூட்டைக்குள் வரும். உங்கள் வலது சாக்ஸும் அப்படித்தான் வந்தது. இடது மட்டும் அலசிப் பிழிந்து ஈரமாக வந்தது. மூன்றாம் நாளும் அப்படியே வந்தபோது எடுத்து முகர்ந்து பார்த்தேன். முட்டியைத் தொடும் மேல் விளிம்பில் தைல வாசனை. எவ்வளவு அலசினாலும் அது போகாது அக்கா, என் வேலையே அதுதானே. உங்களுக்கு முட்டி வலிக்கிறது, அது யாருக்கும் தெரியக் கூடாது என்று நினைக்கிறீர்கள் என்பது அப்போதே புரிந்துவிட்டது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது என்பதற்காக இதை முதலிலேயே எழுதுகிறேன்.

ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள், நாலு பேர் வந்தால் துண்டு அலமாரிக்குப் பின்னால் போய் நிற்பவள் நான். என்னைத் தேடி வந்து பேசியது நீங்கள் மட்டும்தான். “ஏய் ஊமைக்கோட்டான், என் சாக்ஸ் ஒத்தையா வந்திருக்கு. இன்னொண்ண யாருக்குக் கட்டிக் குடுத்தே?” என்பீர்கள். வீடு போய்ச் சேரும் வரை சிரிப்பு வரும். அண்ணனின் ஷூவில் துணி திணித்துக் கால்பந்து விளையாட ஆரம்பித்தது, பத்து வருடத்தில் மூன்று கிளப் மாறியது, ஒவ்வொரு வருடமும் ஒப்பந்தத் தாள் கைக்கு வரும் வரை நாளை எண்ணிக்கொண்டிருப்பது, எல்லாவற்றையும் இஸ்திரி மேசையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே சொன்னீர்கள். இன்னும் ஒரே ஒரு சீசன் போதும் என்றீர்கள். “இந்த ஜெர்சிய நானாக் கழட்டணும். கழட்டுன்னு யாரும் சொல்லக் கூடாது.”

அடுத்த சீசனுக்குப் பட்டியல் போடும் வாரத்தில் கோச் சார் ஜெர்சிக் கணக்குப் பார்க்க வந்தார். போகும்போது வாசலில் நின்று, எல்லாரும் நன்றாக இருக்கிறார்களா, உன் கண்ணில் ஏதாவது பட்டதா என்று கேட்டார். பேச்சுக்குத்தான் கேட்டார். ஆனால் அந்த மாதிரிப் பெரிய மனிதர் யாரும் அதுவரை என்னிடம் எதையும் கேட்டதில்லை. “பதினோராம் நம்பர் அக்காவோட இடது சாக்ஸ் மட்டும் ஈரமா வருது சார்” என்றேன். அவர் திரும்பி உள்ளே வந்தார். தைல வாசனையையும் சொன்னேன். கெட்டிக்காரி என்றார். அன்று முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன் அக்கா.

மறுநாள் உங்களை ஸ்கேன் எடுக்க அனுப்பினார்கள். வாரக் கடைசியில் ஒட்டிய பட்டியலில் உங்கள் பெயர் இல்லை.

நீங்கள் லாக்கரைக் காலி செய்த அன்று கோல்கீப்பர் அக்கா பையைப் பிடிக்க வந்தார். மூன்று கிளப்பிலும் உங்களோடு ஒரே அறையில் தங்கியவர். “உனக்கு மட்டும்தான்டி தெரியும்” என்றீர்கள். “நான் சொல்லலடி” என்று அவர் ஒரே ஒரு முறைதான் சொன்னார். நீங்கள் பையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டீர்கள். நான் அலமாரிக்குப் பின்னால்தான் இருந்தேன். மடித்த துண்டையே பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தேன். கோச் சாரிடம் திறந்த வாய் அப்போது திறக்கவில்லை.

இன்னும் ஒரு சீசன் ஆடியிருந்தால் முட்டி மொத்தமாகப் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். அதைப் பிடித்துக்கொண்டு, நல்லதுதானே செய்தோம் என்று நினைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. உங்கள் முட்டியை நினைத்து நான் சொல்லவில்லை. கேட்டார்கள் என்ற பெருமையில் சொன்னேன்.

இங்கே புதிதாக இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். உங்கள் ஜெர்சி அதில் ஒருத்திக்கு. முதுகில் இருந்த உங்கள் பெயரை எடுக்கச் சொன்னதும் நான்தான் எடுத்தேன். இஸ்திரிச் சூட்டில் எழுத்துகள் உரிந்து வந்துவிட்டன. அந்த இடம் மட்டும் வெளுக்காமல் பளிச்சென்று இருக்கிறது. உடை மாற்றும் அறையில் நீங்கள் துண்டு மாட்டும் கொக்கியை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. கோல்கீப்பர் அக்கா தன் துண்டை அதில் மாட்டி வைத்திருக்கிறார். கேட்டால், ஈரத் துண்டு காய வேண்டாமா என்கிறார். அது ஈரமே இல்லை, துவைக்கிற எனக்குத் தெரியாதா? முன்பு போல அவர் யாரையும் கிண்டல் செய்வதில்லை. நீங்கள் போனை எடுப்பதில்லை என்று சமையல் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அவர் போன் செய்தால் மட்டும் எடுத்துப் பேசுங்கள் அக்கா. அவர் அன்று சொன்னது உண்மை. முட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தலை குனிந்து,
உங்கள் ஊமைக்கோட்டான்

பின்குறிப்பு: உறைமேல் இருக்கும் கையெழுத்து யாருடையது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் வீட்டு முகவரியை ஆபீஸில் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். யாருக்கும் தெரியாமல் ஒட்டி அனுப்பியிருக்கலாம், நேற்று வரை அதுதான் என் எண்ணம். இன்று காலை பயிற்சிக்கு முன்னால், கடிதத்தை உறையில் போடாமலே கோல்கீப்பர் அக்காவிடம் கொடுத்து, படித்துவிட்டு முகவரி எழுதித் தரச் சொன்னேன். அவர் கடைசி வரி வரை படித்து முடிக்கும் வரை, அலமாரிப் பக்கம் போகாமல், எதிரிலேயே நின்றேன்.