இரண்டு குப்பிகள்

அன்புள்ள அக்கா,

இந்த நடுராத்திரியில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். விழித்திருக்கிறேனா, கனவில் இருக்கிறேனா என்றே தெரியவில்லை. அறை முழுக்கப் பால் வாசனை மிதக்கிறது.

அப்பாவின் மறதி நோய் பற்றிய ஆராய்ச்சிக்கு அவருடைய சிறுநீரையும், ஒப்பிட்டுப் பார்க்க என்னுடையதையும் கொடுத்தோமே, முடிவு வந்துவிட்டது. ஒரு குப்பியில் மட்டும், இந்த நோய் உள்ளவர்களிடம் தெரியும் இரசாயன மாற்றங்கள் இருக்கின்றனவாம். அது என் பெயர் ஒட்டிய குப்பி.

"இத வச்சு நோய்னு சொல்ல முடியாதும்மா, இன்னொரு தடவை குடுங்க" என்றாள் ஆய்வகத்துப் பெண்.

அப்பாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "நான் அப்பவே சொல்லல? எனக்கு ஒண்ணுமில்லடி, உனக்குத்தான் கழண்டுருக்கு!" என்று சிரிக்கிறார். நானும் சிரித்துவைத்தேன்.

குப்பிகளைக் கொடுத்த அன்று காலை பாப்பா வீறிட்டதும், ஒட்டவேண்டிய பெயர்ச்சீட்டுகளை உன் கையில் திணித்துவிட்டு ஓடினேன். கண்ணை மூடினால் அந்த இரண்டு குப்பிகளும் மிதந்து மிதந்து இடம் மாறுகின்றன. நீ மாற்றி ஒட்டியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். அப்படியென்றால் அப்பாவின் சிரிப்பு போய்விடும் என்று தெரிந்தும்தான்.

எந்தச் சீட்டை எதில் ஒட்டினாய்? என்னைத் தேற்றுவதற்காகப் பொய் சொல்லாதே. சீக்கிரம் பதில் போடு.

உன் தங்கை