நீளப் படத்தின் இடது ஓரம்

மார்ச் 9, சனி

காலையிலிருந்து மழை. காகிதச் சுருள் ஈரம் வாங்கிச் சுருண்டுவிட்டது, இரண்டு பிரிண்ட் பாழ். கோபத்தில் மெஷினை ஓர் உதை விட்டேன். அதற்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் கால் வீங்கியிருக்கிறது.

கூடத்து நீளப் படத்தை ஒட்டி முடித்தேன். போன ஞாயிறு, புதிதாகக் கட்டிய மூதாதையர் கூடத்து வாசலில் ஜுவாங் குலத்து ஆண்களை எல்லாம் வரிசை வரிசையாக நிற்க வைத்து, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை துண்டு துண்டாக எடுத்தது. ஒட்டு எங்கே இருக்கிறதென்று எவனாலும் காட்ட முடியாது. நானும் ஜுவாங்தான். ஆனால் பெண் பிள்ளை படத்தில் நிற்கக்கூடாதாம், படம் எடுக்கலாமாம். நாசமாய்ப் போக.

இடது கோடியில் என் தம்பி யூ-லியாங். மீன் சந்தையிலிருந்து நேராக வந்தவன், ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. பக்கத்தில் நிற்கும் கிழவர் ஆ-ஹாய் கழுத்துக்குப் பின்னால் கையை விட்டு அந்தப் பக்கத் தோளைப் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரிய இளிக்கிறான். பெரிய வகையறா ஆட்கள் அப்பாவை மூங்கிலால் அடித்துப் பழைய கூடத்திலிருந்து வெளியே தள்ளியபோது இவன் என் இடுப்பில் இருந்தான். அதற்குப் பிறகு எங்கள் வகையறாவைப் படியேற விட்டது இப்போதுதான். "அக்கா, நம்ம மூஞ்சி அந்தச் செவுத்துல இருக்கணும்" என்று புத்தாண்டிலிருந்து இதே பாட்டு.

மார்ச் 10, ஞாயிறு

போ-டிங் பெரியப்பா வந்தார். கூடத்துத் தலைவர், பெரிய வகையறா. கையில் சாஸ்திர அளவு டேப். படத்துக்குச் சட்டம் முன்னாலேயே செய்தாகிவிட்டதாம்.

"கற்பூர மரம். உள்நீளம் மேல்வரியில செவப்புல விழுது பாரு. வம்சம் தழைக்கும்னு போட்டிருக்கு."

அந்த டேப்பில் ஒவ்வோர் அளவுக்கும் ஒரு பலன் எழுதியிருக்கும். மேல்வரி உயிரோடு இருப்பவர்களுக்கு, கீழ்வரி செத்தவர்களுக்கு. சிவப்பு நல்லது, கறுப்பு கெட்டது. அதெல்லாம் சரி. ஆனால் அந்த உயரத்துக்கு இந்த நீளம் போதாது. படம் உள்ளே போகாது.

படத்தைச் சிறிதாக்கி மேலும் கீழும் பட்டை விடலாமா என்றேன். "வெள்ளப் பட்டையா? எழவு வீடா அது?" சிவப்புப் பட்டை என்றேன். "முகமெல்லாம் எள்ளாயிடும். என் முகம் தெரிய வேண்டாமா?" சட்டத்தை நீட்டலாமே என்றேன். "அடுத்த செவப்பு வரைக்கும் நீட்டினா தூணு இடிக்கும். அதுக்கு முன்னால நிறுத்தினா கறுப்பு. சாவுன்னு எழுதியிருக்கு, படிக்கத் தெரியும்ல?"

பிறகு திரையில் விரலை வைத்தார்.

"வலது ஓரத்துல என் பேரன் நிக்கிறான். இடது ஓரத்த வெட்டு. பூட்ஸ் போட்டுக்கிட்டு ஒருத்தன்தானே."

"அது யூ-லியாங், பெரியப்பா."

"தெரியும்."

தெரியுமாம். டேப் சடாரென்று சுருண்டு அவர் கைக்குள் போனது. அந்தத் தகரத்தாலேயே அவர் வாயைக் கிழித்திருக்கலாம். டீ ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன்.

மார்ச் 12, செவ்வாய்

வழி கண்டுபிடித்துவிட்டேன். உயரத்தை அப்படியே விட்டு, நீளத்தை மட்டும் இரண்டு பக்கமும் லேசாக நெருக்கினேன். எல்லாரும் கொஞ்சம் ஒல்லியாகிவிட்டார்கள், அவ்வளவுதான். யாரும் வெளியே போகவில்லை.

யூ-லியாங் ஒரு பை சிப்பியோடு வந்தான். திரையைப் பார்த்ததும் வயிற்றைத் தடவிக்கொண்டான். "அக்கா, தொப்பையக் காணோமே! இப்படியே நிஜத்துலயும் பண்ணி விடேன்." பூட்ஸைப் பார்த்துத்தான் வெட்கப்பட்டான். திறப்பு விழாவுக்குத் தோல் ஷூ வாங்கப் போகிறானாம். சிப்பியை இஞ்சி போட்டு வேகவைத்துச் சாப்பிட்டோம். ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

மார்ச் 14, வியாழன்

வாய்க்குள் இன்னும் ரத்தச் சுவை.

மாதிரிப் பிரிண்டைக் கூடத்துக்குக் கொண்டுபோனேன். பெரியப்பா டேப்பை வைத்தார், சிவப்பு. தன் முகத்தைத் தேடினார், இருந்தது. தலையாட்டினார். முடிந்தது என்று மூச்சு விட்டேன். அவர் மகன் ஷி-காய், வாய் நிறையப் பாக்கு, குனிந்து பார்த்தான்.

"அப்பா, நம்ம வெளக்கு ஏன் முட்டையா இருக்கு?"

வாசலில் தொங்கும் உருண்டை விளக்குகள்! முகம் ஒல்லியானால் யாருக்கும் தெரியாது, உருண்டை ஒல்லியானால் குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்த இரண்டையும் மட்டும் திருத்தியிருக்கலாம், நினைவே வரவில்லை. இத்தனை வருஷம் இந்தத் தொழிலைத்தான் செய்கிறேனா நான்?

"அந்த மீன்காரன உள்ள திணிக்கிறதுக்காக எங்க அப்பனையும் சேத்து நசுக்கிருக்கா!" பிரிண்ட் சுற்றி வந்த கட்டை உருளையை எடுத்து என் வாயிலேயே அடித்தான். நான் விழவில்லை. மேசையில் இருந்த ஊதுவத்திக் கிண்ணத்தை அவன் நெற்றியில் எறிந்தேன். சாம்பலும் ரத்தமுமாக நின்றான். எனக்கு ஒரு பல் ஆடுகிறது. அவனுக்குத் தையல் போட்டார்களாம். சந்தோஷம்.

மார்ச் 15, வெள்ளி

பட்டப்பகலில் ஷி-காயின் ஆட்கள் நான்கு பேர் பேஸ்பால் மட்டையோடு வந்து கடையை நொறுக்கிவிட்டுப் போனார்கள். படத்தின் நகல் இருந்த பென் டிரைவ் சாமி மாடத்தில் பழத்தட்டுக்குப் பின்னால் இருந்ததால் தப்பித்தது.

மார்ச் 16, சனி

என்னிடம் சொல்லாமல் யூ-லியாங் ஷி-காயின் கார்க் கண்ணாடி எல்லாவற்றையும் மீன் குத்தும் கொக்கியால் உடைத்திருக்கிறான். பதிலுக்குச் சந்தைக்குப் பின்னால் வைத்து அவனை மிதித்திருக்கிறார்கள். விலாவில் இரண்டு எலும்பு. மூச்சு விடும்போது முனகுகிறான், ஆனால் கண்ணில் அதே நெருப்பு.

"நான் அந்தப் படத்துல இருப்பேன் அக்கா. இல்லேன்னா அவன் இருக்க மாட்டான்."

"வாய மூடு. செத்துத் தொலையப் போற."

"அப்பா மாதிரி ஓடி வரச் சொல்றியா?"

ஓங்கி அறைந்தேன். விலா உடைந்தவனை. பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

மார்ச் 18, திங்கள்

வெட்டிவிட்டேன்.

படத்தில் இல்லாவிட்டால் என்ன, பூமியில் இருக்கட்டும். தைச்சுங் நகரத்தில் ஒரு போட்டோ லேபில் பிரிண்ட் போட்டு, நானே கொண்டுபோய்ப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். விளக்கு உருண்டையாக இருக்கிறது. நீளம் சிவப்பில் விழுகிறது. "இதை மொதல்லயே பண்ணிருக்கலாமே. இனிமே யாரும் உங்க மேல கை வைக்க மாட்டாங்க" என்றார். கும்பிட்டேன். நான், அந்த ஆளை.

ஒன்று மட்டும். யூ-லியாங்குக்கும் ஆ-ஹாய்க்கும் நடுவில் வெட்டினால், கிழவரின் அந்தப் பக்கத் தோளில் அவனுடைய நான்கு விரல்கள் நிற்கின்றன. கோட்டுத் துணியை நகலெடுத்து மேலே பூசினால் போதும், ஒரு நிமிட வேலை. மனசு வரவில்லை. யார் கவனிக்கப் போகிறார்கள்?

மார்ச் 23, சனி

நாளை திறப்பு. காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே இரு என்று தம்பியிடம் கெஞ்சினேன். புது ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தான். படத்தைப் பற்றிச் சொல்ல வாய் எடுத்தேன், சொல்லவில்லை. பூஜை முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 25, திங்கள்

எழுதினால்தான் தலை வெடிக்காது.

சிவப்புத் துணியை இழுத்தார்கள். கைதட்டினார்கள். என் தம்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், இடது ஓரத்தில் மூக்கு படுகிற மாதிரி நின்றான். ரொம்ப நேரம். அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி என்னைத்தான் தேடினான்.

"அக்கா, நீயா வெட்டினே?"

பொய் சொல்லியிருக்கலாம். லேப்காரன் வெட்டினான், பெரியப்பா வெட்டினார், எதையாவது. ஆமாண்டா என்றேன்.

அவன் கோபப்படக்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் என்னை அடித்திருப்பான், அதோடு போயிருக்கும். "வெரல மட்டும் விட்டு வச்சிருக்கியே" என்றான், ஏதோ நான் பாசமாகச் செய்தது போல.

ஷி-காய் அப்போதுதான் விரல்களைப் பார்த்தான். நெற்றியில் என் தையலோடு சிரித்தான். "அட, மீன்காரன் வெரலு! கிட்ட போய் மோந்து பாருங்கடா, நாத்தம் அடிக்கும்."

யூ-லியாங் ஒரே இழுப்பில் சட்டத்தைக் கீழே இழுத்தான். கண்ணாடி எல்லார் காலடியிலும் சிதறியது. ஷி-காய் படையல் மேசையிலிருந்து பன்றி வெட்டுகிற கத்தியை எடுத்தான். முழுப் பன்றி, வாயில் அன்னாசிப்பழம், அதன் பக்கத்திலேயே கத்தி. விடுடா விடுடா என்று கத்தினேன். வாசலில் பட்டாசு. என் குரல் எனக்கே கேட்கவில்லை. முதல் வெட்டைத் தம்பி கையால் தடுத்தான். அடுத்தது கழுத்தில். என் மேலே சாய்ந்தான். அழுத்திப் பிடிச்சேன், ரெண்டு கையாலயும் பிடிச்சேன், நிக்கல, விரல் சந்துல எல்லாம் வருது, சூடா, நிக்கவே இல்ல. ஒருத்தன், அத்தனை ஆம்பளைங்கள்ல ஒருத்தன் கிட்ட வரல. நூறு ஜுவாங் இருந்தானுங்க. ஆ-ஹாய் கிழவர் மட்டும் தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்தார்.

புது ஷூ ஒன்று கழன்று எங்கேயோ போய்விட்டது.

மார்ச் 26, செவ்வாய்

நான்தானே வெட்டினேன்? நானே தானே?

மார்ச் 27, புதன்

போலீஸ் வந்தது. ஷி-காய் ஓடிவிட்டான், தெளிவான முகப் படம் வேண்டுமாம். சாமி மாடத்திலிருந்து ஃபைலை எடுத்தேன். அவன் படத்தின் நட்ட நடுவில், அப்பன் பக்கத்தில் நிற்கிறான். கழுத்துக்கு மேலே வெட்டிக் கொடுத்தேன்.

அதே ஃபைலிலிருந்து தம்பியின் இறுதிச் சடங்குக்கு வைக்கும் படத்தையும் எடுத்தேன். வேறு எதிலும் அவன் இப்படிச் சிரிக்கவில்லை. பின்னால் இருந்த கூடத்தை முழுக்க அழித்தேன். படம் தோள்வரைதான் வேண்டும் என்பதால் கையை மறுபடியும் வெட்ட வேண்டியிருந்தது. சட்டக் கடைக்காரன் டேப்பை நீட்டி, "எந்த வரி அக்கா?" என்று கேட்டான். கேட்ட பிறகுதான் துக்கத்துக்காக என் சட்டைக் கையில் குத்தியிருந்த கறுப்புத் துணியைப் பார்த்தான்.

கீழ்வரியில் அளந்தோம்.

மார்ச் 30, சனி

ஏழாம் நாள். சிப்பி வைத்தேன். இஞ்சி போட்டு. ஷி-காயைக் காவ்சியுங் துறைமுகத்தில் பிடித்துவிட்டார்களாம். சாப்பாடு இறங்கவில்லை, அதைக் கேட்ட பிறகும்.

ஏப்ரல் 3, புதன்

உடைந்த கண்ணாடிக்குப் பதில் கடை முகப்பில் பலகை அடித்துக்கொண்டிருந்தேன். போ-டிங் பெரியப்பா வண்டியிலிருந்து அந்தச் சட்டத்தைத் தானே இறக்கினார். கூட யாரும் இல்லை. இடது பக்கத்தை ரம்பத்தால் அறுத்து வெறும் பலகையை ஒட்டி நீட்டியிருந்தார். சிற்ப வேலை பாதியில் அறுந்து, ஆணி கோணலாக வெளியே நிற்கிறது. அவரே செய்தது என்று பார்த்தாலே தெரிந்தது.

"நாளன்னிக்கி முன்னோருக்குக் கல்லறைப் பூஜை. அதுக்குள்ள முழுப் படத்தையும் போட்டுக் குடு."

கையில் இருந்த பலகையை ஓங்கி அவர் தோளில் போட்டேன். இன்னொன்று. இன்னொன்று. கிழவர் தடுக்கவும் இல்லை, நகரவும் இல்லை. மூன்றாவது அடியில் தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் கை ஓய்ந்துவிட்டது.

"இந்த நீளம் கறுப்புல விழும்" என்றேன், மூச்சு வாங்கிக்கொண்டே.

"விழட்டும்."

"உங்க பையனும் அதுல இருப்பான். அவனயும் நான் வெட்ட மாட்டேன். இனிமே எவனயும் வெட்ட மாட்டேன்."

"இருக்கட்டும். வர்றவன் போறவன் எல்லாம் பாக்கட்டும்."

பிறகு பழக்கத்தில் டேப்பைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, எதை அளப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார். "எவ்வளவு நீளம்மா வரும்? சொல்லு, இன்னும் வேணும்னா நீட்டித் தரேன்."

"அவன் பூட்ஸ் முடியற வரைக்கும்" என்றேன்.