குழியைத் தாண்டாத வேர்

இன்று காலை உன் மரத்தடியில் அழுகிய முட்டை வாடை அடித்தது. போன வாரம் பெய்த மழைத்தண்ணீர் மரம் நட்ட குழியில் இன்னும் தேங்கியிருந்தது. மூச்சு விட முடியாத மண் இப்படித்தான் நாறும் என்று நீதான் சொன்னாய். உன் பெயர் பொறித்த பித்தளைத் தகடு பளபளவென்று இருந்தது. மே மாதம் வந்தும் மரத்தில் ஓர் இலைகூட இல்லை. எனக்கு வயிறு எரிகிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

மான்மவுத் ஜங்ஷன் என்ற இந்த ஊரில் நாம் அடுத்தடுத்த வீடு. நான் ஜெர்சி சிட்டியில் ஒரு பாங்கின் சாஃப்ட்வேரைக் கட்டி மேய்ப்பவள். நீ மண் பரிசோதிக்கும் இன்ஜினியர். ரோடு போடும் இடத்தில் மண் போதுமான அளவு இறுகிவிட்டதா என்று பார்த்துச் சொல்வது உன் வேலை. "பகல்ல இறுக்கு இறுக்குன்னு சம்பளம் வாங்குறேன், சாயங்காலம் இறுக்காதீங்கன்னு சண்டை போடுறேன். என் பொழைப்பைப் பாருடி" என்று சிரிப்பாய்.

அந்தச் சண்டை நம் வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் பொதுப் புல்வெளிக்காக. வீடு கட்டியவர்கள் மேல்மண்ணை வாரிக்கொண்டு போய்விட்டு, மிஞ்சிய சிவப்புக் களிமண்ணில் மாதக்கணக்காக புல்டோசர் ஓட்டினார்கள். கடைசியில் பாய் விரிப்பதுபோல அதன்மேல் புல்லை விரித்துவிட்டுப் போனார்கள். பார்க்கப் பச்சைதான். உன் கூர்முனை இரும்புக் கம்பியை ஊன்றினால் உள்ளங்கை ஆழம் இறங்கும், பிறகு டங்கென்று நிற்கும்.

எனக்குப் புரியவில்லை என்றதும் என் தட்டில் இருந்த இட்லியை எடுத்துக் கையில் வைத்து நசுக்கினாயே, ஞாபகம் இருக்கிறதா? "மாவும் அதேதான், எடையும் அதேதான். இப்ப சாம்பார் ஊத்து, உள்ள போகுதா பாரு. நல்ல மண்ணுல பாதி காலி இடம்டி. தண்ணியும் காத்தும் அதுலதான் இருக்கு." அசோசியேஷன் மீட்டிங்கிலும் இதையே சொன்னாய். "முக்கியமா மண்ணு ஈரமா இருக்கும்போது வண்டி ஏத்தாதீங்க. முதல் தடவையே கதை முடிஞ்சிடும்" என்றாய். எல்லோரும் தலையாட்டினார்கள்.

தலையாட்டியவர்கள்தான் போன வருஷம் உன் முதலாண்டு நினைவுப் பூசைக்குப் பிறகு புல்வெளியில் விருந்து வைத்து, மரம் நட்டார்கள். அதற்கு முன் விடாமல் மழை. பிரியாணி அண்டாவைத் தெருவிலிருந்து தூக்கி வர யாருக்கும் மனமில்லை. ஒரு வேன் புல்லில் ஏறியது. ஒருவர் ஏறினால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? உன் மரத்தைச் சுற்றி வரிசையாகக் கார்கள். அசோசியேஷன் தலைவர் அங்கிளே கையாட்டி வழி காட்டினார். "புல்லுதானேம்மா, வளர்ந்துக்கும். ஒரு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றார். அதுவும் உன் விருந்துக்கு! உன் மகள் என் காதருகே, "அம்மா வுட் ஹேவ் ஸ்க்ரீம்ட், ஆன்ட்டி" என்றாள். உனக்குப் பதிலாக நான் கத்தினேன். ஃபாதர் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்ததால் எல்லோரும் காது கேளாததுபோல நின்றார்கள்.

இன்று மரத்தைப் பிடுங்க ஆள் வந்தது. தூக்கியபோது பார்த்தேன். ஒரு வேர்கூடக் குழியைத் தாண்டவில்லை. குழியின் இறுகிய சுவரில் முட்டி முட்டி, உள்ளேயே சுற்றிச் சுற்றிச் செத்திருக்கிறது. அங்கிள் உதட்டைப் பிதுக்கினார்.

"நர்சரிக்காரன் ஏமாத்திட்டான்மா. வேற மரம் சொல்லியாச்சு, இதே குழியில வெச்சிடலாம்."

நான் பேசிய பேச்சை இங்கே எழுதவில்லை.

"போனவங்க போயிட்டாங்க. இன்னும் எத்தனை நாளைக்கும்மா இந்தக் கோபம்?"

என் கார் டிக்கியிலேயே கிடக்கும் உன் கம்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "இது முழுசா இறங்குற வரைக்கும், அங்கிள்."

ஆஜானுபாகுவான மனிதர். முழு பாரத்தையும் போட்டு அழுத்தினார். உள்ளங்கை ஆழம். கார்கள் நின்ற இடத்துக்குப் போய் அங்கேயும் குத்தினார். அவ்வளவுகூட இறங்கவில்லை. கம்பியை என்னிடமே திருப்பி நீட்டினார்.

"இப்ப என்னதான் பண்ணச் சொல்ற?"

"மண்ணை ஆழமாக் கிளறி, கம்போஸ்ட் கலந்து, ஒரு வருஷம் யாரும் மிதிக்காம விடணும். அப்புறம் மரம்."

"நல்ல யோசனைதான்மா. ஆனா புது மரத்தோட லாரி கிளம்பிடுச்சே" என்றார்.

அதனால்தான் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, புல்வெளிக்குப் போகும் பாதையின் குறுக்கே காரை நிறுத்தி, உள்ளே உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மடியில் உன் கம்பி. லாரி எதிரே நின்று ஹாரன் அடிக்கிறது, அடிக்கட்டும். நீ பதறாதே. காரைத் தார் ரோட்டில்தான் நிறுத்தியிருக்கிறேன். புல்லில் ஒரு சக்கரம்கூடப் படவில்லை.